மூடியில் ‘நட்ஸ் இல்லை’, கறிக்குள் வேர்க்கடலை: ஈஸிங்வோல்ட் வழக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜனவரி. இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ஈஸிங்வோல்ட் என்ற சிற்றூர். அங்குள்ள ‘இந்தியன் கார்டன்’ உணவகத்தில் 38 வயதுக்காரர் ஒருவர் சிக்கன் டிக்கா மசாலா பார்சல் வாங்கினார். அவருக்குச் சிறுவயதிலிருந்தே வேர்க்கடலை ஒவ்வாமை. வெளியில் சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் வாங்குவார். அன்றும் சொன்னார். ஆர்டர் சீட்டில் ‘நட்ஸ் இல்லை’ என்று எழுதினார்கள், பார்சல் மூடியிலும் அப்படியே எழுதினார்கள். அதைச் சாப்பிட்டவர் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சியால் தன் வீட்டிலேயே இறந்துபோனார். கறியில் வேர்க்கடலை இருந்தது.

உரிமையாளர் முகமது ஸமான் யார்க் நகரத்திலும் சுற்றுப்பகுதியிலும் ஆறு உணவகங்கள் வைத்திருந்தார். ஏறக்குறைய 3 லட்சம் பவுண்டு கடன். டிக்கா மசாலா, குருமா வகைகளில் சேர்க்கும் பாதாம் பவுடரின் விலை ஏறியபோது, அதற்குப் பதிலாக வேர்க்கடலை கலந்த மலிவான பவுடரை வாங்கத் தொடங்கினார். வாடிக்கையாளர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. மரணத்துக்கு மூன்று வாரம் முன்பே அவருடைய இன்னொரு உணவகத்தில், ஒவ்வாமை உண்டு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்ட 17 வயதுப் பெண் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. வணிகத் தர அதிகாரிகள் விசாரித்தார்கள். வேர்க்கடலை இல்லை என்று சொல்லி விற்ற உணவைச் சோதித்ததில் வேர்க்கடலை இருந்தது. அதற்குப் பிறகும் பவுடர் மாறவில்லை.

2016 மே மாதம் டீஸைடு கிரவுன் நீதிமன்றம் பெரும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகவும் உணவுப் பாதுகாப்புச் சட்ட மீறல்களுக்காகவும் அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஒவ்வாமையால் வாடிக்கையாளர் இறந்ததற்காக உணவக உரிமையாளர் ஒருவர் பிரிட்டனில் இப்படித் தண்டிக்கப்பட்டது அதுவே முதல்முறை. கொள்முதலை மேலாளர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்ற அவருடைய வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. 2017இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இந்த வழக்கைப் பேராசைக்காரர் ஒருவரின் கதையாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்தால், ஒவ்வாமையோடு வாழ்கிறவர்களுக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. இறந்தவர் தன் பக்கம் செய்யவேண்டியதைச் செய்தார். கவுன்டரில் இருந்தவரும் சீட்டில் சரியாகவே எழுதினார். இரண்டு பேரும் சரியாக நடந்துகொண்ட பிறகும் வேர்க்கடலை எப்படித் தட்டுக்கு வந்தது என்பதைத்தான் பார்க்கவேண்டும். நம்மூர் ஹோட்டல்களிலும் தினமும் அதே வழியில்தான் அது வருகிறது.

சீட்டு வருவதற்கு முன்பே முடிந்துபோன சமையல்

எந்த உணவகச் சமையலறையிலும் இரண்டு வேளை சமையல் நடக்கிறது. முதலாவது காலையில், வாடிக்கையாளர் வருவதற்கு முன்னால். பேஸ் கிரேவி, மசாலா விழுது, ஊறவைத்த கறி, சட்னி, சால்னா, மாவு எல்லாம் அப்போதே தயாராகிவிடும். இரண்டாவது, ஆர்டர் வந்தபின் அடுப்பில் நடக்கும் ஐந்து நிமிட வேலை. ‘நட்ஸ் வேண்டாம்’ என்று எழுதிய சீட்டுக்கு இந்த ஐந்து நிமிடத்தின் மீது மட்டுமே அதிகாரம். மேலே தூவும் முந்திரியை அது நிறுத்தும். காலையில் அரைத்துக் கலந்ததை அதனால் எடுக்க முடியாது.

பிரிட்டனின் கறி உணவகங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வெங்காயம், தக்காளி, எண்ணெய், மசாலாவை வேகவைத்து அரைத்த ஒரே பேஸ் கிரேவிதான் மெனுவில் உள்ள பெரும்பாலான கறிகளுக்கும் அடிப்படை. டப்பாவில் இருக்கும் பவுடரைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் குருமா, வேறொன்றைப் போட்டால் ‘மெட்ராஸ்’ என்ற காரக் கறி. டப்பாவுக்குள் என்ன பவுடர் என்பது, சாக்கைப் பிரித்துக் கொட்டியவருக்குத் தெரியும். கரண்டி பிடிப்பவருக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. பாதாம் இருந்த இடத்தில் வேர்க்கடலைக் கலவை வந்தாலும் நிறமும் கெட்டித்தன்மையும் ஏறக்குறைய ஒன்றுதான். நாக்கும் காட்டிக்கொடுக்காது.

அளவையும் பார்த்துவிடலாம். ஒவ்வாமை உள்ளவர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றாத அளவாக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் (எஃப்ஏஓ) உலக சுகாதார நிறுவனமும் (டபிள்யூஎச்ஓ) சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வேர்க்கடலைக்குக் குறித்திருப்பது 2 மில்லிகிராம் புரதம். ஒரு வேர்க்கடலைப் பருப்பில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் புரதம் உண்டு. அதாவது ஒரு பருப்பின் நூறில் ஒரு பங்கு. இப்போது 20 கிலோ கிரேவியில் பாதி வேர்க்கடலையாக உள்ள பவுடர் 1 கிலோ விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். அரைக் கிலோ வேர்க்கடலையில் 125 கிராம் புரதம். 300 கிராம் பரிமாறினால் ஒரு தட்டில் கிட்டத்தட்ட 1,900 மில்லிகிராம். குறித்த அளவைப்போல் 900 மடங்குக்கு மேல். ‘கொஞ்சமாத்தான் போடுவோம்’ என்ற பதிலுக்கு மதிப்பே இல்லாததற்கு இதுதான் காரணம். கொதிக்கவைத்தால் போய்விடும் என்பதும் தவறு. வேர்க்கடலைப் புரதம் வெப்பத்தைத் தாங்கும். வறுத்தால் அதன் ஒவ்வாமைத் திறன் கூடவே செய்யும்.

நம்மூர் அடுக்களைக்கு வந்தால்

பாதாம் பவுடருக்குப் பதில் வேர்க்கடலை வந்தது போன்ற மாற்றம் தமிழ்நாட்டு ஹோட்டல்களில் ஒளிவுமறைவு இல்லாமல் நடக்கிறது. தேங்காய் விலை ஏறினால் வெள்ளைச் சட்னியில் தேங்காய் குறையும், பொட்டுக்கடலையோ வேர்க்கடலையோ கூடும். சால்னாவையும் குருமாவையும் கெட்டியாக்க முந்திரி, கசகசா, பொட்டுக்கடலை, வேர்க்கடலை என்று அன்றைய சரக்கு விலையைப் பார்த்து மாற்றுவார்கள். சமையல்காரர் கண்ணில் இதில் தப்பே கிடையாது, ருசி கெடாமல் செலவைக் கட்டுப்படுத்துகிற திறமை அது. மெனு அட்டை மாறாது. ஆறு மாதமாகச் சாப்பிட்டுப் பழகிய கடையில் ஏழாவது மாதம் ஆபத்து வருவது இப்படித்தான். பழகிய கடை என்பதால் கேட்காமல் விடுகிறோமே, அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். இனிப்புக் கடையில் முந்திரி, பாதாம் பெயரில் விற்கும் மலிவான வில்லைகளிலும், பிஸ்தா என்று மேலே தூவும் பச்சைச் சீவல்களிலும் வேர்க்கடலை இருக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கேட்கும்போது ‘கடலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பரிமாறுகிறவர் கடலைப்பருப்பை நினைத்துக்கொள்வார். ‘நட்ஸ்’ என்றால் முந்திரி, பாதாம்தான் நினைவுக்கு வரும். ‘வேர்க்கடலை’ என்றே சொல்லுங்கள். விழுப்புரம், கடலூர் பக்கம் மல்லாட்டை, இலங்கைத் தமிழர் கடையில் கச்சான்.

எண்ணெயும் கணக்கில் வரும். முழுமையாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிகமிகக் குறைவு. செக்கில் ஆட்டியதில் புரதம் தங்கியிருக்கும். ‘எங்க கடையில செக்கெண்ணெய்தான்’ என்ற பலகை மற்றவர்களை ஈர்க்கும், வேர்க்கடலை ஒவ்வாமைக்காரருக்கு அது எச்சரிக்கை. எள் ஒவ்வாமை உள்ளவருக்கு நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் ஒரே வரிசை. நல்லெண்ணெயைப் பெரும்பாலும் சுத்திகரிக்காமலே விற்கிறார்கள்.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கு இட்லி, தோசை பாதுகாப்பு என்று பலர் சொல்வது பாதி உண்மை. மாவில் அரிசியும் உளுந்தும்தான். ஆனால் சாம்பாரிலும் ரசத்திலும் போடும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடைகளில் கிடைக்கிறது, எது என்பதை டப்பாவின் பின்பக்கம் படித்தால்தான் தெரியும். அடுத்தது தோசைக்கல். அதே கல்லில் ரவா தோசையும் கோதுமை தோசையும் ஊற்றுகிறார்கள். நடுவில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தள்ளுவது சூட்டைத் தணிப்பதற்காக. அதில் கல் சுத்தமாகாது, ஓரத்தில் ஒதுங்கிய ரவையும் மாவும் அடுத்த தோசையில் ஒட்டும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்வதற்குச் சர்வதேச அளவிலும் இந்தியாவிலும் வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பொதுக்கல்லில் சுட்ட தோசை அந்த வரம்புக்குள் நிற்கும் என்று எந்த மாஸ்டரும் உறுதி தர முடியாது. சீலியாக் உள்ளவர் ஹோட்டலில் சாப்பிடுவதானால் ஆவியில் வெந்த இட்லியும், பெருங்காயம் சேராத தேங்காய்ச் சட்னியும்தான் ஓரளவு நம்பத்தக்கவை. தாளிப்பில் பெருங்காயம் உண்டா என்று கேட்க மறக்கக் கூடாது.

பால் ஒவ்வாமைக்கு நெய்தான் பெரிய பொறி. ‘பால் இல்லைங்க, நெய்தான்’ என்று நல்ல மனதோடு சொல்வார்கள். பொங்கலில் நெய் முன்பே கலந்தாயிற்று, ‘நெய் வேண்டாம்’ என்றால் மேலே ஊற்றுவது மட்டும்தான் நிற்கும். பரோட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்த்துப் பிசைவது கடைக்குக் கடை மாறும். லண்டன், டொராண்டோவில் இலங்கைத் தமிழர் கடைகளில் தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது வழக்கம். பார்வைக்குத் தெரியாது. மீன் ஒவ்வாமை உள்ளவரும் சைவரும் கேட்டே ஆகவேண்டும்.

கடையைத் தேர்வது எப்படி

போவதற்கு முன்பே போன் செய்யுங்கள். மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது. பிற்பகல் 3 முதல் 5 வரை நல்ல நேரம். குழம்பு, குருமா செய்யும் சரக்கு மாஸ்டர் இருந்தால் அவரிடமே பேசுங்கள். கேள்வி ‘வேர்க்கடலை இல்லாம செஞ்சு தருவீங்களா?’ என்று இருக்கக் கூடாது. அதற்கு ‘தருவோம்’ என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்கலாம்:

‘அண்ணா, பையனுக்கு வேர்க்கடலை பட்டாலே மூச்சுத் திணறும், ஆஸ்பத்திரியில சேர்க்கிற அளவுக்கு. காலையில அரைக்கிறதுல எதுல எல்லாம் வேர்க்கடலை போடுறீங்க?’

வரும் பதிலைக் கொண்டே கடையை எடைபோடலாம். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, நம்பி வாங்க’ என்றால் அங்கே போக வேண்டாம். ‘இருங்கம்மா, மாஸ்டரைக் கேக்குறேன்… வெள்ளைச் சட்னியில போடுறோம். சால்னாவுல முந்திரிதான். ஆனா ரெண்டையும் ஒரே மிக்ஸியிலதான் அரைக்கிறோம்’ என்று சொல்கிற கடை நல்ல கடை. அன்று அங்கே சாப்பிட முடியாமல் போகலாம். ஆனால் பொருளைத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள், தெரிந்ததை மறைக்காதவர்கள். இன்னொரு நாள் தனிப் பாத்திரத்தில் செய்துதர ஒப்புக்கொள்கிறவர்களும் இவர்கள்தான்.

அடுத்து, பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். மசாலாத்தூள், பெருங்காயம், எண்ணெய் டின், கிரேவி பவுடர் ஆகிய நான்கும் போதும். ஈஸிங்வோல்டில் மெனுவும் சீட்டும் மூடியும் ஒரே பொய்யைச் சொன்னபோது, வாங்கிவந்த பவுடரின் பையில்தான் உண்மை இருந்தது. பவுடர்களைப் பெயர் எழுதாத டப்பாக்களில் கொட்டிவைத்து, பழைய பையை எறிந்துவிடுகிற கடையில் எவ்வளவு நல்லவர் பதில் சொன்னாலும் அது ஊகம்தான்.

உணவைத் தேர்வதிலும் அதே அளவுகோல். ஆர்டர் வந்தபின் முதலிலிருந்து செய்வதை எடுங்கள்: ஆம்லெட், உப்பும் மிளகும் மட்டும் போட்டுத் தனிச் சட்டியில் வறுத்த மீன், வெறுஞ்சோறு, தயிர், பழம். கிரேவி, குருமா, பிரியாணி, மசாலாவில் ஊறியது, அரைத்தது எதுவுமே காலைச் சமையல். பொரித்தவற்றில் எண்ணெய்ச் சட்டி பொதுவா என்று கேளுங்கள். வேர்க்கடலை பக்கோடா பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளமும் ஆகாது. தாலி மீல்ஸும் பஃபேவும் வேண்டவே வேண்டாம், ஒரு கரண்டி பத்துப் பாத்திரத்துக்கும் போய்வரும்.

செயலி வழியாக வாங்குவதில் இந்தக் கேள்வி எதையும் கேட்க வழி இல்லை. 2016 டிசம்பர் 30 அன்று லங்காஷயரில் உள்ள ஆஸ்வால்ட்விஸில் ஊரில் ஒவ்வாமை உள்ள 15 வயதுச் சிறுமிக்காக ஒரு செயலியில் ஆர்டர் செய்தபோது, குறிப்புப் பெட்டியில் ‘இறால், நட்ஸ்’ என்று எழுதினார்கள். வந்த உணவில் வேர்க்கடலைப் புரதம் இருந்தது. 2017 ஜனவரி 1 அன்று சிறுமி இறந்தாள். கடை நடத்திய இருவருக்கும் 2018இல் சிறை; அவர்களில் ஒருவர் மீதான மரணம் விளைவித்த குற்றத் தீர்ப்பு 2019இல் மேல்முறையீட்டில் ரத்தானது. குறிப்புப் பெட்டியில் எழுதுவது சமையலறையிடம் பேசுவதற்கு ஈடாகாது. எழுதினாலும் கடைக்குப் போன் செய்து பேசுங்கள், பதில் திருப்தி தராவிட்டால் ஆர்டரை ரத்து செய்யுங்கள்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்

ஈஸிங்வோல்ட் மரணம் நடந்தபோது பிரிட்டன் உணவகங்கள் ஒவ்வாமை விவரம் தரவேண்டும் என்ற கட்டாயம் இன்னும் வரவில்லை. 2014 டிசம்பர் 13 முதல்தான் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்ற ஐரோப்பிய விதி நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் எள்ளும் கடுகும் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல், கடையிலேயே தயாரித்து முன்கூட்டிப் பொதிந்து விற்கும் உணவின் மீது முழுப் பொருள் பட்டியலும் அச்சிட வேண்டும்.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 லேபிள் விதிகள் எட்டு வகையைக் குறிக்கின்றன: குளூட்டன் உள்ள தானியங்கள், ஓட்டுடலிகள் (இறால், நண்டு போன்றவை), பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட். எள்ளும் கடுகும் இதில் இல்லை. தாளிப்பில்லாமல் குழம்பு இறங்காத நாட்டில், கடுகு ஒவ்வாமை உள்ளவருக்கு லேபிளின் எச்சரிக்கை வரியும் உதவாது. பொருள் பட்டியல் முழுவதையும் படிக்கவேண்டும். உணவகங்களில் ஒவ்வாமை விவரம் தரும் கடமை மத்திய உரிமம் பெற்றவற்றுக்கும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவற்றுக்கும்தான். தெருமுனை மெஸ் அதற்கு வெளியே. பெரிய சங்கிலிக் கடைகளில் அட்டவணையாவது கேட்டு வாங்கலாம், அதில் தேதி பாருங்கள்.

மீறி நடந்துவிட்டால்

உதடு, நாக்கு தடித்தல், தொண்டை இறுகுதல், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, உடம்பெங்கும் தடிப்போடு வாந்தி, தலைசுற்றல் ஆகியவை வந்தால் முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். பெரியவர்களுக்கான தானியங்கி ஊசிகளில் பொதுவாக 0.3 மில்லிகிராம் இருக்கும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி. அதனால்தான் இரண்டு ஊசிகளைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். செட்ரிசின் போன்ற மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நிற்கவோ கழிவறைக்கு நடக்கவோ விடாதீர்கள், நின்றவுடன் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நிற்கக்கூடும். 108-ஐ அழையுங்கள், பிரிட்டனில் 999. சரியானது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம், மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை. இந்தியாவில் தானியங்கி ஊசி எளிதில் கிடைப்பதில்லை. ஒவ்வாமை மருத்துவரிடம் அட்ரினலின் ஆம்பூலும் (சிறு மருந்துக் குப்பி) சிரிஞ்சும் எழுதி வாங்கி, அளவையும் போடும் முறையையும் வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

லேசாக வந்து தானாக அடங்கிய தடிப்பையும் சும்மா விடாதீர்கள். மீந்த உணவை அதே டப்பாவில் மூடி உறைபெட்டியில் வையுங்கள். பில்லையும் ஆர்டர் விவரத்தையும் போட்டோ எடுங்கள். சாப்பிட்ட நேரம், முதல் அறிகுறி தோன்றிய நேரம் இரண்டையும் எழுதிவையுங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடமோ எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலி வழியாகவோ, பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்பிடமோ புகார் கொடுங்கள். ஸமான் வழக்கில், உரிமையாளருக்கு ஆபத்து முன்பே தெரியும் என்று அரசுத் தரப்பு காட்ட முடிந்ததற்கு முக்கியக் காரணம், மூன்று வாரம் முன்பு மருத்துவமனைக்குப் போன அந்த 17 வயதுப் பெண்ணின் சம்பவம் பதிவாகியிருந்ததுதான்.